பழுதுபார்க்கும் உரிமையைப் பயன்படுத்துவது எப்படி: நுகர்வோருக்கும் தனிப் பழுதுபார்ப்பாளர்களுக்கும்

பழுதுபார்க்கும் உரிமை என்ற பெயரைக் கேட்டவுடன், கெட்டுப்போன எந்தப் பொருளையும் விரும்பிய இடத்தில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஒரு சட்டம் சொல்லிவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவ்வளவு அகலமான சட்டம் எங்கும் இல்லை. இருப்பவை துண்டு துண்டான விதிகள். ஒன்று சலவை இயந்திரத்துக்குப் பொருந்தும், டிராக்டருக்குப் பொருந்தாது. மற்றொன்று கைப்பேசிக்குப் பொருந்தும், ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பின் வந்த மாடல்களுக்கு மட்டும். இன்னொன்று உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தும், விற்றவரைத் தொடாது. ஆகவே இந்த உரிமையைப் பயன்படுத்த விரும்புகிறவர் எடுத்த எடுப்பில் வாதாடத் தொடங்காமல், தம் கையிலுள்ள பொருள் எந்த விதிக்குள் அடங்குகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். உற்பத்தியாளரின் மறுப்புக் கடிதங்களில் பெரும்பாலானவை பொருளைப் பற்றியோ தேதியைப் பற்றியோ கேள்வி தெளிவாக இல்லாததைப் பிடித்துக்கொண்டே எழுதப்படுகின்றன என்பது என் எண்ணம்.

பொருளின் ஜாதகம்

மாடல் எண், வரிசை எண், வாங்கிய தேதி, ரசீது, கொடுத்த விலை ஆகிய ஐந்தையும் ஓரிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த தேதியையும் இயன்றால் தேடிச் சேருங்கள். இது வெறும் ஒழுங்குக்காகச் செய்யும் வேலை அன்று. அமெரிக்காவின் மூன்று மாநிலங்களை எடுத்துக்கொண்டால் காரணம் விளங்கும். மினசோட்டாவின் சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது என்றாலும், 2021 ஜூலை 1-க்குப் பின் விற்கப்பட்ட சாதனங்கள் வரை பின்னோக்கிச் செல்கிறது. கலிபோர்னியாவின் சட்டமும் அதே நாளில் நடைமுறைக்கு வந்து, 2021 ஜூலை 1 முதல் புதிதாகத் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தவற்றை ஏற்றுக்கொள்கிறது. நியூயார்க்கின் சட்டமோ 2023 ஜூலை 1-க்குப் பின் முதன்முறையாகத் தயாரிக்கப்பட்டவற்றோடு நின்றுவிடுகிறது. 2022-இல் வெளிவந்த ஒரு கைப்பேசி மாடலுக்கு முதலிரண்டு மாநிலங்களில் உதிரிபாகமும் சர்வீஸ் மேனுவலும் கேட்க இடமுண்டு, மூன்றாவதில் இல்லை.

விலையும் கணக்கில் வருகிறது. கலிபோர்னியாவில், கடைக்காரர் கொடுக்கும் மொத்த வியாபார விலை 50 டாலர் முதல் 100 டாலருக்குள் உள்ள பொருளுக்கு, அந்த மாடலின் உற்பத்தி நின்ற நாளிலிருந்து 3 ஆண்டுகளும், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள பொருளுக்கு 7 ஆண்டுகளும் பாகங்கள், கருவிகள், ஆவணங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். இந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்; உற்பத்தி நின்ற நாளிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் உங்களுக்கே நன்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளும் இவ்வாறே எண்ணுகின்றன. 2021 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, சலவை இயந்திரத்துக்கு அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகள் உதிரிபாகம் இருக்க வேண்டும். கேட்ட 15 வேலை நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். 2025 ஜூன் 20 முதல் ஸ்மார்ட்போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் இதேபோன்ற கடமை 7 ஆண்டுகளுக்கு வந்துள்ளது.

அதே ஐரோப்பிய விதிகளில் பலர் கவனிக்காமல் தடுமாறும் ஓர் இடம் உண்டு. உதிரிபாகங்கள் இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கதவு, கதவின் கீல், ரப்பர் சீல், சோப்புத் தூள் தட்டு போன்ற எளிய பாகங்களைப் பயன்படுத்துகிறவரே நேராகக் கேட்டு வாங்கலாம். மோட்டார், பம்பு, மின்சுற்றுப் பலகை போன்றவை தொழில்முறைப் பழுதுபார்ப்பாளருக்கு மட்டுமே. பிரிட்டன் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளும் இந்தப் பிரிவினையை வைத்திருக்கின்றன. ஆகவே வீட்டில் தாமே மோட்டாரை மாற்ற நினைத்துக் கடிதம் எழுதி, மறுப்பு வந்ததும் சட்டம் பயனற்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே பாகத்தை ஒரு பழுதுபார்ப்பாளர் வழியாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடும்.

விலக்குகளையும் சேர்த்துப் பாருங்கள். வீடியோ கேம் கன்சோல்களைக் கலிபோர்னியாவும் மினசோட்டாவும் விலக்கியுள்ளன. வாகனங்கள், மருத்துவக் கருவிகள், வேளாண் இயந்திரங்கள் ஆகியவை மின்னணுச் சாதனச் சட்டங்களில் பொதுவாக இடம்பெறுவதில்லை; அவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டா என்று தேட வேண்டும். அமெரிக்க மாநிலமான கொலராடோ 2022-இல் மின்சாரச் சக்கர நாற்காலிகளுக்கும் 2023-இல் வேளாண் இயந்திரங்களுக்கும் தனித்தனியே சட்டம் இயற்றிய பிறகே கைப்பேசி, கணினி பக்கம் வந்தது. கார்களுக்கு மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே சட்டம் செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் வாகனப் பழுதுநீக்கத் தகவல்களைப் பகிரும் கட்டாயத் திட்டம் 2022 ஜூலை 1 முதல் நடக்கிறது.

வாரண்டி காலத்தில் யாரிடம் போவது

பொருள் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை எடுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இராது. இங்கே இரண்டு வேறுபட்ட உத்தரவாதங்களைப் பிரித்தறிய வேண்டும். உற்பத்தியாளர் தாமாக முன்வந்து அட்டையில் அச்சிட்டுத் தரும் வாரண்டி ஒன்று. சட்டம் விற்பவர்மீது சுமத்தும் பொறுப்பு மற்றொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த இரண்டாவது பொறுப்பு குறைந்தது 2 ஆண்டுகள் நீடிக்கிறது. அந்தக் காலத்துக்குள் புதுப் பொருளுக்குப் பதிலாகப் பழுதுநீக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் நுகர்வோருக்கு, விற்பவரின் பொறுப்பு மேலும் 12 மாதங்கள் நீள வேண்டும் என்று 2024-இல் நிறைவேற்றப்பட்ட ஒன்றியத்தின் பழுதுநீக்க ஆணை கூறுகிறது. உறுப்பு நாடுகள் அதை 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும். விற்பவர் ‘உற்பத்தியாளரிடம் போங்கள்’ என்று கைகாட்டினால், சட்டப்படியான பொறுப்பு அவருடையது என்பதைச் சொல்லி அங்கேயே நிற்கலாம்.

‘வெளியில் திறந்தால் வாரண்டி போய்விடும்’ என்ற மிரட்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மக்களைத் தனிப் பழுதுபார்ப்பாளரிடம் போகவிடாமல் தடுப்பதில் எந்தப் பூட்டையும்விட இந்த ஒரு வாக்கியம் அதிகம் சாதித்திருக்கிறது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், தம் பாகத்தையோ தம் சர்வீஸையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்து வாரண்டியைப் பிணைப்பதைத் தடுக்கிறது. அந்தப் பாகத்தையோ சர்வீஸையோ இலவசமாகத் தந்தால், அல்லது வணிக ஆணையத்திடம் சிறப்பு அனுமதி பெற்றிருந்தால் மட்டுமே அப்படிக் கேட்கலாம். ‘இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி செல்லாது’ என்ற வகை வாசகங்களுக்காக அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018-இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. தனிப் பழுதுபார்ப்பாளர் செய்த வேலையால்தான் இந்தக் கோளாறு வந்தது என்றால், அந்தக் கோளாற்றுக்கு மட்டும் உற்பத்தியாளர் வாரண்டியை மறுக்கலாம். டிஸ்ப்ளேயை வெளியில் மாற்றிய கைப்பேசியில் ஒலிவாங்கி தானாகக் கெட்டுப்போனால், இரண்டுக்கும் தொடர்பு காட்டாமல் மறுக்க இயலாது. ஐரோப்பிய ஆணையும், முன்பு வேறொருவர் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உற்பத்தியாளர் பழுதுநீக்க மறுக்கக் கூடாது என்று சொல்கிறது.

எழுத்தில் கேட்பது

தொலைபேசியில் கேட்டால் பதிலும் காற்றோடு போய்விடும். மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ கேளுங்கள். ‘என் இயந்திரத்தைச் சரிசெய்ய உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல் பாகம், ஆவணம், கருவி, மென்பொருள் என்று பிரித்துக் கேளுங்கள். சட்டங்களும் கடமையைப் பெரும்பாலும் இவ்வாறே பிரித்து வைத்திருக்கின்றன; சிலவற்றில் மென்பொருள் கருவிக்குள் அடங்கும். மற்றவற்றைத் தந்து ஒன்றை மறைத்தாலும் பழுது தீராது. ஒரு பழுதுபார்ப்பாளர் எழுதுவதாக அமைந்த கீழ்க்காணும் வாசகத்தை உங்கள் பொருளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்:

‘மேற்குறிப்பிட்ட மாடல் எண்ணும் வரிசை எண்ணும் கொண்ட சலவை இயந்திரத்துக்கான நீர் வெளியேற்றும் பம்பு, அதை மாற்றும் முறையை விளக்கும் சர்வீஸ் மேனுவல், மாற்றிய பின் பிழைக் குறியீட்டை நீக்கத் தேவையான மென்பொருள் ஆகியவற்றை என்ன விலையில், எத்தனை நாளில், எந்த நிபந்தனைகளின்பேரில் தருவீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றில் எதையேனும் தர இயலாது எனில், எதைத் தர இயலாது என்பதையும் அதற்கு எந்தச் சட்ட விதியை அடிப்படையாகக் கொள்கிறீர்கள் என்பதையும் தனித்தனியே குறிப்பிடவும்.’

கடைசி வாக்கியம்தான் முக்கியமானது. ‘பாதுகாப்புக் காரணங்களால் இயலாது’ என்ற பொதுப்படையான மறுப்பை வைத்துக்கொண்டு முறையிடுவது கடினம். குறிப்பிட்ட விதியைச் சுட்டிய மறுப்பு வந்தால், அந்த விதி உண்மையில் அவ்வாறு சொல்கிறதா என்று முறையீட்டு அதிகாரி சரிபார்க்க முடியும்.

விலை பற்றிய பதில் வரும்போது ஏமாற்றத்துக்கும் ஆயத்தமாக இருங்கள். எல்லாச் சட்டங்களும் ‘நியாயமான விலை’ என்றே சொல்கின்றன. எண்ணாக எதுவும் இல்லை. பழுதுபார்ப்பதையே கைவிடச் செய்யும் அளவுக்கு விலை இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணை கூறுவது சற்றே உறுதியானது. என் பார்வையில் இந்தச் சட்டங்களின் மிக மெலிந்த பகுதி இதுவே. பாகத்தின் விலை, புதுப் பொருளின் விலை, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் அதே வேலைக்குக் கேட்கும் மொத்தத் தொகை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் எழுத்தில் வாங்கி வைத்தால், நியாயமின்மையைக் காட்ட அதுவே நல்ல சான்று.

நியூயார்க்கின் சட்டத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. தனிப் பாகத்தைப் பொருத்துவதில் காயம் ஏற்படும் அபாயம் கூடும் எனில், பல பாகங்கள் சேர்ந்த தொகுப்பாகவே உற்பத்தியாளர் தரலாம். ஒரு சிறு பாகத்துக்காக முழுத் தொகுப்பையும் வாங்க நேர்ந்தால், சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தும் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாமல் போகலாம்.

பாகம் கிடைத்தும் சாதனம் ஏற்காதபோது

அசலான டிஸ்ப்ளேயையே வாங்கிப் பொருத்தினாலும் ‘அறியப்படாத பாகம்’ என்று திரையில் எச்சரிக்கை வருவதையும், சில வசதிகள் நின்றுபோவதையும் கைப்பேசி வேலை செய்கிறவர்கள் நன்கு அறிவார்கள். பாகத்திலுள்ள சிறு சிப்பில் ஒரு வரிசை எண் இருக்கிறது. மதர்போர்டு அந்த எண்ணைத் தன்னிடமுள்ள எண்ணோடு ஒப்பிடுகிறது. இரண்டையும் இணைத்து வைக்கும் மென்பொருள் உற்பத்தியாளரிடம் மட்டும் இருக்கிறது. இதைப் பாகப் பிணைப்பு என்று சொல்லலாம். கைத்திறனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஒரே மாடலின் இரு புதுக் கைப்பேசிகளைத் திறந்து திரைகளை மாற்றிப் பொருத்தினாலே இது தெரிந்துவிடும்.

இதை முதலில் நேரடியாகத் தடுத்த அமெரிக்க மாநிலம் ஒரேகான். 2024-இல் இயற்றப்பட்ட அதன் சட்டம், 2025 ஜனவரி 1-க்குப் பின் தயாரான சாதனங்களில் பாகப் பிணைப்பைக் கொண்டு தனிப் பழுதுபார்ப்பாளர் பொருத்திய பாகத்தைச் செயலிழக்கச் செய்வதையும், சாதனத்தின் திறனைக் குறைப்பதையும், தவறாக வழிநடத்தும் எச்சரிக்கைகளைக் காட்டுவதையும் தடை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஸ்மார்ட்போன் விதி வேறு வழியில் போகிறது: வரிசை எண் பிணைக்கப்பட்ட பாகங்களை முழுமையாக இயங்கச் செய்யும் மென்பொருளைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பாளர்களுக்குப் பாகுபாடின்றித் தர வேண்டும் என்கிறது. எச்சரிக்கை தோன்றும் திரையைப் படமெடுத்து, பொருத்திய பாகத்தின் ரசீதோடும் மென்பொருளின் பதிப்பு எண்ணோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அப்டேட்டில் அந்த எச்சரிக்கையின் வாசகம் மாறிவிட்டால் பிறகு சான்று இராது.

மென்பொருள் பூட்டை உடைப்பது தனிக் கேள்வி. அது பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. அமெரிக்காவில் டிஜிட்டல் பூட்டை உடைப்பது பொதுவாகச் சட்டவிரோதம். அதற்கான விலக்குகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர் அறிவிக்கிறார். கைப்பேசி, வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் ஆகியவற்றைப் பழுதுபார்க்க விலக்கு உண்டு. 2024-இல் வணிக முறையில் உணவு தயாரிக்கும் இயந்திரங்களும் அதில் சேர்ந்தன. உடைக்கும் செயலுக்கு விலக்கு உண்டே தவிர, உடைக்கும் கருவியைச் செய்து விற்பதற்கு இல்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் அத்தகைய மென்பொருளை விற்பனைக்கு வைக்கும் கடைக்காரர், வாடிக்கையாளருக்கு உதவப் போய்த் தாமே சிக்கிக்கொள்வார். கனடா 2024 நவம்பரில் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்தி, கோளாற்றைக் கண்டறியவும் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் பூட்டைத் தாண்ட இடம் கொடுத்தது.

கடை நடத்துகிறவர் கவனிக்க வேண்டியவை

ஐரோப்பியச் சலவை இயந்திர விதியின்படி, தொழில்முறைப் பழுதுபார்ப்பாளர் உற்பத்தியாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கலாம். அப்போது தொழில் திறமைக்கும் பொறுப்புக் காப்பீட்டுக்கும் சான்று கேட்க உற்பத்தியாளருக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் நிபந்தனை போட உரிமை இல்லை. விண்ணப்பித்த 5 வேலை நாட்களுக்குள் ஏற்பையோ மறுப்பையோ சொல்ல வேண்டும். பதிவான பின், கேட்ட தகவலை ஒரே வேலை நாளில் தர வேண்டும். எனவே காப்பீட்டுப் பத்திரமும் பயிற்சிச் சான்றும் கையில் இல்லாத கடை, உரிமை இருந்தும் வாசலிலேயே நிற்கும். சட்டம் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சட்டப்படியான உரிமையையும், உற்பத்தியாளர்கள் தாமாக நடத்தும் ‘தனிப் பழுதுபார்ப்பாளர் திட்டங்களையும்’ ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. திட்டத்தில் சேர்வது ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. எந்த வேலைகளைச் செய்யக் கூடாது, எந்தப் பாகங்களை இருப்பு வைக்கக் கூடாது, கடையை எப்போது சோதனையிடலாம், வாடிக்கையாளர் விவரங்களை யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற பிரிவுகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். மதர்போர்டிலுள்ள சிப்புகளையே சரிசெய்யும் சிப் லெவல் வேலையே வருமானமாக உள்ள கடைக்கு, அதைத் தடுக்கும் ஒப்பந்தம் தொழிலையே முடக்கிவிடும்.

வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்வது சில இடங்களில் சட்டக் கடமையே. கலிபோர்னியாவில், உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெறாத கடை அந்த உண்மையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய பாகத்தையோ வேறு தயாரிப்பாளரின் பாகத்தையோ போட்டால் அதையும் சொல்ல வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும் ஜாப் கார்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்குவது நல்லது: அசல், கழற்றி எடுத்தது, கம்பேட்டிபிள் என்று மூன்றில் ஒன்றைக் குறித்து, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

வணிகக் குறியைப் பற்றிய கவனக்குறைவே சிறு கடைகளுக்கு மிகுந்த செலவை வைத்திருக்கிறது. இன்ன நிறுவனத்தின் கைப்பேசிகளைப் பழுதுபார்க்கிறோம் என்று எழுத்தில் சொல்வது பெரும்பாலான நாடுகளில் தவறன்று. அவர்களுடைய சின்னத்தைப் பெயர்ப் பலகையில் போடுவதும், அவர்களின் அங்கீகாரம் இருப்பதுபோலத் தோன்றச் செய்வதும் தவறு. இறக்குமதியில் இது இன்னும் நுட்பமாகிறது. நார்வேயில் ஒரு சிறு கடைக்காரர் தருவித்த 63 ஐபோன் திரைகளை 2017-இல் சுங்கத்துறை நிறுத்தி வைத்தது. அவை புதுப்பிக்கப்பட்டவை, ஆப்பிள் சின்னம் மையால் மறைக்கப்பட்டிருந்தது. கீழ் நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றபோதிலும், 2020-இல் உச்ச நீதிமன்றம் ஆப்பிளுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆகவே கழற்றி எடுத்த பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர், சின்னம் எங்கேனும் இருக்கிறதா, அது நிரந்தரமாக நீக்கப்பட்டதா அல்லது வெறுமனே மறைக்கப்பட்டதா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

தனிப் பெயரில் சட்டம் இல்லாத இடத்தில்

பழுதுபார்க்கும் உரிமை என்று தலைப்பிட்ட சட்டம் இல்லை என்பதால் கைவிட்டுவிட வேண்டியதில்லை. போட்டிச் சட்டமும் நுகர்வோர் சட்டமும் இதே வேலையைச் செய்திருக்கின்றன. இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம், தனி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் கண்டறியும் கருவியும் எளிதில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. தொகையை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தாலும், உதிரிபாகச் சந்தை தனியே ஆராயப்பட வேண்டியது என்ற பார்வை அதில் தெளிவாக இருக்கிறது. அங்கு நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று தகவல் தளம் ஒன்றைத் தொடங்கியது. உற்பத்தியாளர்கள் தரும் பழுதுநீக்க விவரங்கள் அதில் ஓரிடத்தில் கிடைக்கும் என்றாலும், அது சட்டம் அன்று; மறுப்பு வந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்தான் முறையிட வேண்டும்.

முறையீட்டை எங்கே கொடுப்பது என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் நகர, மாவட்ட, மாநில அரசுகளே உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுக்க முடியும். தெரிந்தே மீறியவருக்கு முதல் மீறலுக்கு நாளொன்றுக்கு 1,000 டாலரும், இரண்டாவதற்கு 2,000 டாலரும், அதன் பிறகு 5,000 டாலரும் தண்டத்தொகை. நியூயார்க்கில் மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் போக வேண்டும். இத்தகைய இடங்களில் நீங்கள் வழக்காடுபவர் அல்லர், சான்று தருபவர். எனவே கேட்ட கடிதம், வந்த பதில், கடந்த நாட்கள், விலை ஒப்பீடு ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பாகக் கொடுங்கள். ஒரு கடை தன் பல வாடிக்கையாளர்களின் மறுப்புகளைத் திரட்டிக் கொடுத்தால், அதிகாரி அதைத் தனி ஒருவரின் மனக்குறையாக ஒதுக்குவது கடினம்.

புதிதாக வாங்கப் போகிறவர் செய்ய வேண்டியது குறைவு. பிரான்ஸ் 2021 ஜனவரி முதல் சில பொருள்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்க்கும் எளிமையின் மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. ஆவணம், பிரித்தெடுக்கும் எளிமை, பாகம் கிடைத்தல், பாகத்தின் விலை, பொருளுக்கே உரிய கூறுகள் என ஐந்து அளவுகோல்கள் அதில் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஸ்மார்ட்போன்களின் ஆற்றல் முத்திரையில் ஏ முதல் இ வரையான பழுதுநீக்கத் தரமும் அச்சாகிறது. அந்நாடுகளில் வசிக்காதவரும் தாம் வாங்க நினைக்கும் மாடலுக்கு அங்கே என்ன மதிப்பெண் என்று தேடிப் பார்க்கலாம். மாடல் எண் ஒன்றாகவே இருக்கிறதா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.